மூக்கு அறுவை சிகிச்சையும் ஸ்லீப் ஆப்னியாவும்: எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

குறட்டைக்காகக் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போகிறவருக்கு, "மூக்குத் தண்டு வளைஞ்சிருக்கு, சதையும் கொஞ்சம் வளர்ந்திருக்கு" என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே மனதுக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. வளைவை நிமிர்த்தினால் மூச்சு தாராளமாகப் போகும். மூச்சு தாராளமாகப் போனால் குறட்டை நிற்கும். குறட்டை நின்றால், தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாவும் போய்விடும். அதற்காக இரவெல்லாம் காற்றைச் செலுத்தும் கருவியின் முகமூடியை மாட்டிக்கொண்டு படுக்கும் தொல்லை இனி இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கணக்கு தப்பிப்போகிறது. அப்படித் தப்பிப்போனதைப் பார்த்துவிட்டு, "மூக்கு ஆபரேஷனால் ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சரியில்லை. மூக்கு அறுவை சிகிச்சை பெரும்பாலும் தானாக ஆப்னியாவைத் தீர்ப்பதில்லை. ஆப்னியாவைத் தீர்க்கக்கூடிய மற்ற சிகிச்சைகளுக்கு வழிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டு ஆபரேஷனுக்குச் சம்மதிக்கிறவர் ஏமாறுவதில்லை.

முதலில், அடைப்பு எங்கே விழுகிறது என்று பார்த்துவிடலாம். மூக்குக்கு எலும்பும் குருத்தெலும்பும் சுவராக நிற்கின்றன. குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் தாங்குகின்றன. இரண்டுக்கும் நடுவில், மெல்லண்ணத்தின் பின்புறத்திலிருந்து நாக்கின் அடிவரை உள்ள தொண்டைக்கு மட்டும் அப்படி ஒரு சட்டகம் கிடையாது. அதைத் திறந்து வைத்திருப்பது தசைகள்தான். விழித்திருக்கும்போது அந்தத் தசைகள் விறைப்பாக இருக்கின்றன; தூங்கியதும் தளர்கின்றன. தொண்டை பிறவியிலேயே குறுகலாக இருந்தாலோ, தாடை சற்று உள்வாங்கியிருந்தாலோ, நாக்கிலும் கழுத்திலும் கொழுப்பு சேர்ந்திருந்தாலோ, தளர்ந்த தொண்டை ஒட்டிக்கொள்கிறது. மார்பும் வயிறும் மூச்சை இழுக்க முயன்றுகொண்டே இருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை அரைகுறையாக விழித்துத் தொண்டைத் தசைகளை உசுப்பிவிடும். பெரிய செருமலோடு காற்று உள்ளே பாயும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. படுத்திருப்பவருக்கு இதில் ஒன்றும் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் பயந்துபோய் விழித்துக் கிடப்பார்.

காற்றோட்டம் ஏறக்குறைய முழுதாக 10 விநாடிகளாவது நின்றால் அது ஆப்னியா. நிற்காமல் கணிசமாகக் குறைந்து, அதனால் ஆக்சிஜன் இறங்கினாலோ தூக்கம் கலைந்தாலோ அது ஹைபாப்னியா. இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை வருகின்றன என்பதுதான் தூக்கப் பரிசோதனை அறிக்கையில் ஏ.ஹெச்.ஐ. என்று அச்சாகும் எண். பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இருந்தால் இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. உலகில் 30 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 93 கோடிக்கும் அதிகமானோருக்கு இந்த எண் 5ஐத் தாண்டியிருக்கும் என்று 2019இல் வெளியான ஒரு மதிப்பீடு சொன்னது.

ஆக, மூடிக்கொள்வது தொண்டை. அப்படியானால் மூக்குக்கு இதில் என்ன வேலை? மெல்லிய உறிஞ்சுகுழல் ஒன்றின் ஒரு நுனியை விரலால் பாதி நசுக்கிப் பிடித்துக்கொண்டு மறுநுனியில் பலமாக உறிஞ்சிப் பாருங்கள். நசுக்கிய இடம் அப்படியே இருக்கும். குழலின் நடுப்பகுதிதான் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். மூக்கும் தொண்டையும் அந்த உறவில் இருக்கின்றன. மூக்கில் தடை கூடினால், அதே அளவு காற்றை இழுக்க நெஞ்சு கூடுதலாக உறிஞ்ச வேண்டும். அதனால் தொண்டைக்குள் அழுத்தம் மேலும் இறங்கி, அதன் தளர்ந்த சுவர்களை உள்ளே இழுக்கும். நாம் மூச்சு இழுக்கும்போது காற்று சந்திக்கும் மொத்தத் தடையில் பாதிக்கு மேல் மூக்கில்தான் இருக்கிறது. அதிலும் துவாரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே, நாசி வால்வு என்று மருத்துவர்கள் சொல்லும் இடம் எல்லாவற்றிலும் குறுகலானது. அங்கே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் ஆளுக்குத் தெரியும். போதாததற்கு, படுத்தாலே மூக்கின் உட்சதைகளில் இரத்தம் தேங்கி அவை உப்புகின்றன. பகலில் சமாளிக்க முடிகிற மூக்கு, படுக்கையில் அடைத்துக்கொள்வது இதனால்தான்.

மூக்கு அடைத்தால் வாய் திறக்கிறது. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கேடு இங்கேதான் வளர்கிறது. வாய் திறக்கும்போது கீழ்த்தாடை கீழே இறங்குவதோடு பின்னாலும் நகர்கிறது. தாடையோடு நாக்கும் பின்னால் போய்த் தொண்டையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தூங்குகிறவர் வாயால் மூச்சு விடும்போது மேல் மூச்சுப்பாதையின் தடை, மூக்கால் விடும்போது இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போனதை 2003இல் வெளியான ஓர் அளவீடு காட்டியது. இன்னொன்றும் உண்டு. மூக்கின் உட்புறத்தில் காற்று ஓடுவதை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. தொண்டைத் தசைகள் விறைப்பாக இருக்க அவை தூண்டுகோல். வாய் வழியாக மூச்சு போனால் அந்தத் தூண்டுதல் குறைந்துபோகும்.

1980களில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஆரோக்கியமானவர்களின் மூக்கை இரவு முழுக்க அடைத்துவிட்டுத் தூங்கவைத்தபோது, மூச்சுத் தடைகளும் தூக்கக் கலைவுகளும் கூடின. அடைத்த மூக்கு தூக்கத்தைக் கெடுக்கும் என்பதில் அதற்குப் பிறகு சந்தேகம் இருக்கவில்லை. அதிலிருந்து, மூக்கைத் திறந்துவிட்டால் நோய் போகும் என்ற நம்பிக்கைக்குத் தாவுவது எளிதாக இருந்தது. அந்தத் தாவலில்தான் சிக்கல்.

ஏன் என்பதற்கு உடலியல் ஒரு தெளிவான விடை வைத்திருக்கிறது. எந்த அழுத்தத்துக்குக் கீழே போனால் ஒருவரின் தொண்டை மூடிக்கொள்ளும் என்பதை ஆய்வுக்கூடத்தில் அளக்க முடியும். ஆப்னியா இல்லாதவரின் தொண்டையை மூட வேண்டுமானால், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட நன்றாகக் கீழே இறக்க வேண்டும். கடுமையான ஆப்னியா உள்ளவரின் தொண்டையோ வெளிக்காற்றின் அழுத்தத்திலேயே மூடிக்கொள்ளும். சிலருக்கு அதைவிடக் கூடுதலான அழுத்தம் இருந்தாலும் மூடும். இப்போது யோசித்துப் பாருங்கள். மூக்கில் இம்மியளவும் தடையில்லாமல் செய்துவிட்டாலும், மூச்சு இழுக்கும்போது தொண்டைக்குக் கிடைக்கும் அழுத்தம் அதிகபட்சம் வெளிக்காற்றின் அழுத்தம்தான். அந்த அழுத்தத்திலேயே மூடுகிற தொண்டையை எந்த மூக்கு ஆபரேஷன் திறந்து வைக்கும்? விளிம்பில் நிற்கிறவர்களுக்கு, அதாவது தொண்டை ஓரளவு தாங்குகிறது, மூக்குதான் அதைக் கீழே தள்ளுகிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, மூக்கைச் சரிசெய்வது போதுமானதாக இருக்கலாம். அவர்கள் சிறுபான்மை.

ஆய்வு முடிவுகளும் இதையே சொல்கின்றன. கிரேக்கத்தில் செய்யப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வு இந்தத் துறையில் அபூர்வமானது, ஏனென்றால் அதில் போலி அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். மூக்குத் தண்டு வளைவும் ஆப்னியாவும் உள்ள 49 பேரில் 27 பேருக்கு உண்மையான தண்டுத் திருத்தம். 22 பேருக்குச் செய்ததுபோல மட்டும். உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்கு மூக்கு திறந்தது, தூக்கத்தில் மூக்கால் மூச்சு விடும் நேரமும் கூடியது. ஏ.ஹெச்.ஐ. சராசரி மட்டும் அசையவில்லை. நோய் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தவர்கள் 27 பேரில் 4 பேர். 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் சராசரி ஏ.ஹெச்.ஐ. 35இலிருந்து 33 சுமாருக்குத்தான் இறங்கியிருந்தது. தற்செயலிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத மாற்றம். பிறகு வந்த சில தொகுப்புகளில் சிறிய அளவு குறைவு தெரிந்தது, நோயைத் தீர்க்கும் அளவுக்கு இல்லை.

அதே 2011 தொகுப்பில் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். பகல் தூக்கச் சோர்வை அளக்கும் எப்வொர்த் கேள்வித்தாளில் 24க்கு 10ஐத் தாண்டினால் அதிகம் என்று கொள்வார்கள். சிகிச்சைக்கு முன் 10.6 ஆக இருந்த சராசரி, பிறகு 7.1க்கு வந்தது. அதாவது எண் மாறாவிட்டாலும் ஆட்கள் தெளிவாக எழுந்தார்கள். மூச்சுக்குப் போராடும் விசை குறைந்ததும், அதனால் ஆழ்ந்த தூக்கம் கொஞ்சம் கூடியதும் காரணமாக இருக்கலாம். ஆபரேஷன் செய்துகொண்டோம் என்ற நம்பிக்கைக்கும் இதில் பங்கு உண்டு. எப்படியிருந்தாலும் நோயாளிக்கு அந்த நிம்மதி உண்மையானது, அதை யாரும் அற்பமாகப் பேசக் கூடாது. எனக்குக் கவலை வேறு. காலையில் தலை கனக்கவில்லை, வீட்டில் குறட்டைச் சத்தமும் குறைந்திருக்கிறது என்றதும் ஒருவர் நோய் போய்விட்டது என்று முடிவு செய்துவிடுகிறார். ஆனால் இரவில் ஆக்சிஜன் முன்போலவே இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் அதன் பாரம் அப்படியே இருக்கிறது. எச்சரித்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும் அடங்கிவிட்டது.

மூக்கு அறுவை சிகிச்சையின் உண்மையான வலிமை தெரிய வேண்டுமானால் சி-பேப் கருவியின் பக்கம் திரும்ப வேண்டும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவனும் அவரது குழுவினரும் 1981இல் 5 நோயாளிகளிடம் காட்டிய முறை அது. மூக்கின் வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைத் தொடர்ந்து செலுத்தினால், அந்தக் காற்றே தொண்டையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். வெளிக்காற்றின் அழுத்தம் போதாத தொண்டைக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுப்பது. நோயின் வேருக்கு நேரான பதில். மாட்டிக்கொண்டு தூங்குகிற நேரத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் இது பலன் தருகிறது. மாட்டிக்கொண்டு தூங்குவதுதான் பாடு. 70 சதவீத இரவுகளில் குறைந்தது 4 மணி நேரம் போட்டாலே ஒழுங்காகப் பயன்படுத்துகிறார் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அளவைக்கூடத் தொட முடியாதவர்கள் ஏராளம்.

மூக்கு அடைத்தவர் சி-பேப் போட்டுப் படுக்கும் இரவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். காற்று குறுகிய மூக்கைத் தாண்டித் தொண்டைக்குப் போக வேண்டும் என்பதால் கருவியின் அழுத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். கூடிய அழுத்தம் மூக்கில் முட்டுகிறது. மூக்குச் சவ்வு காய்ந்து இன்னும் உப்புகிறது. தூக்கத்தில் வாய் திறந்துகொள்கிறது. மூக்கில் ஏற்றிய காற்று வாய் வழியாக வெளியே கொட்டுகிறது. நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டுகிறது. முகமூடியின் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு ஏதோ ஒரு நேரத்தில், பாதித் தூக்கத்தில் கை தானாகப் போய் முகமூடியைக் கழற்றி எறிகிறது. மருத்துவமனையில் இதற்குச் சொல்லும் மாற்று, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய முகமூடி. அதன் பட்டைகள் இறுகும்போது தாடையைப் பின்னுக்குத் தள்ளுவதால், பலருக்கு இன்னும் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. ஆய்வுகளிலும், மூக்கு முகமூடி போடுகிறவர்களைவிட இவர்கள் குறைவான நேரமே கருவியைப் பயன்படுத்துகிறார்கள். இப்படிப்பட்டவரைப் பார்த்து, "நீங்கள் ஒத்துழைக்கவில்லை" என்று சொல்வது பெரிய அநியாயம். தோற்றுப்போனது அவரது மூக்கு.

2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மூக்கு அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சி-பேப் எப்படி இருந்தது என்று பார்த்தது. தேவைப்பட்ட அழுத்தம் சராசரியாக 11.6 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்திலிருந்து 9.5க்கு இறங்கியது. பயன்படுத்திய நேரம் அளக்கப்பட்ட 33 பேரில், இரவுக்கு 3 மணி நேரமாக இருந்தது 5.5 மணி நேரமாகக் கூடியது. 33 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், அதை வைத்துப் பெரிய வாக்குறுதி கொடுக்க முடியாது. இருந்தாலும் இந்த இரண்டரை மணி நேரத்துக்கு என்ன மதிப்பு என்று போட்டுப் பார்க்கலாம். ஏ.ஹெச்.ஐ. 40 உள்ள ஒருவர் 7 மணி நேரம் தூங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 3 மணி நேரம் மட்டும் கருவி போட்டால், மீதி 4 மணி நேரத்தில் 160 தடவை மூச்சு தடைப்படும். 5.5 மணி நேரம் போட்டால் 60 தடவை. கருவியில்லாமல் எடுக்கும் தூக்கப் பரிசோதனையில் ஆபரேஷனுக்கு முன்னும் 40, பின்னும் 40 என்றே அச்சாகும். "பலனில்லை" என்று அந்தக் காகிதம் சொல்லும். அவர் உடம்பு வாழும் இரவு வேறாகிவிட்டிருக்கும். இன்னொரு காரணமும் சேர்கிறது: கனவுத் தூக்கம் பெரும்பாலும் விடியலை ஒட்டிய மணி நேரங்களில் வருகிறது, தசைகள் மிகத் தளர்ந்து அடைப்பு பலருக்கு மோசமாவதும் அப்போதுதான். பாதி இரவில் முகமூடியைக் கழற்றுகிறவர் இழப்பது அந்தப் பகுதியை.

தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் வாய்க்கருவிகளுக்கும் இது பொருந்தும். மூக்கில் தடை அதிகமுள்ளவர்களுக்கு அவை சரியாக வேலை செய்யாமல் போகும் வாய்ப்பு கூடுதல்.

ஆபரேஷனுக்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி, அடைப்பு எலும்பாலா வீக்கத்தாலா என்பது. மூக்கின் சதைமடிப்புகளான டர்பினேட்டுகள் ஒவ்வாமையில் உப்பியிருந்தால், ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைச் சில வாரங்கள் ஒழுங்காக அடித்து, உப்புநீரால் மூக்கைக் கழுவிவந்தாலே பலருக்குக் கத்தி தேவைப்படாது. உடனே மூக்கைத் திறந்துவிடும் சொட்டு மருந்து வேறு வகை. அதைச் சில நாட்களுக்கு மேல் விடாமல் போட்டால் மூக்கு அதற்கு அடிமையாகி, மருந்தில்லாத நேரத்தில் முன்பைவிட மோசமாக அடைக்கும். மருந்தில் அசையாத வளைவு, பாலிப் என்னும் மென்சதை வளர்ச்சி, சரிந்த நாசி வால்வு இவைதான் அறுவை சிகிச்சைக்கு உரியவை. தண்டைத் திருத்துவது, டர்பினேட்டை ரேடியோ அலையாலோ சிறு சவரக் கருவியாலோ உள்ளிருந்து சுருக்குவது, எண்டோஸ்கோப் வழியாக பாலிப் எடுப்பது, வால்வுக்குக் குருத்தெலும்பால் முட்டுக் கொடுப்பது என்று ஆளுக்கேற்ப ஒன்றோ பலவோ செய்வார்கள். டர்பினேட்டை அடியோடு வெட்டி எடுக்க நல்ல மருத்துவர்கள் தயங்குவார்கள். மூக்கு காலியாக இருந்தும் மூச்சே போகாததுபோல் தவிக்கும் நிலை அதனால் சிலருக்கு வருகிறது. திரும்ப வைக்க வழியில்லை.

தொண்டையின் நிலையையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். 1991இல் லண்டனில் அறிமுகமான ஒரு சோதனையில், மருந்தால் தூக்கத்தை வரவழைத்து, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, தொண்டை எந்த இடத்தில் எப்படி மூடுகிறது என்று நேரில் பார்க்கிறார்கள். மெல்லண்ணம் மட்டுமா, நாக்கின் அடியுமா, பக்கச் சுவர்களுமா என்று தெரியும். வாயைத் திறந்தால் தொண்டை விசாலமாகத் தெரிகிறது, டான்சில் சிறியது, உடல் பருமன் அதிகமில்லை, நோயும் லேசானது என்றால் மூக்கு மட்டும் போதும் என்று நம்ப ஓரளவு இடமிருக்கிறது. மற்றவர்களுக்கு மூக்குத் திருத்தம் ஒரு திட்டத்தின் ஒரு படி.

குழந்தைகளின் கதை வேறு. மூக்கின் பின்கோடியில் இருக்கும் அடினாய்டு சதையும் டான்சிலும் பெருத்துத்தான் அவர்களில் பலருக்கு மூச்சு அடைக்கிறது, அவற்றை எடுத்தால் நோயே நீங்கிவிடுவதும் உண்டு. 5 முதல் 9 வயது வரை உள்ள 464 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், இவற்றை எடுத்தவர்களில் 79 சதவீதத்தினருக்குத் தூக்கப் பரிசோதனை 7 மாதங்களில் இயல்புக்கு வந்தது. எடுக்காமல் கண்காணிப்பில் வைத்தவர்களிலும் 46 சதவீதத்தினருக்கு வந்தது. குழந்தைக்குக் கிடைத்த பலனைக் கேள்விப்பட்டுப் பெரியவர் அதையே எதிர்பார்ப்பது சரிவராது.

அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில இரவுகளில் கவனம் தேவை. மூக்கில் பஞ்சு வைத்திருந்தாலோ, வீக்கம் இருந்தாலோ, மயக்க மருந்தின் தளர்ச்சி மிச்சமிருந்தாலோ ஆப்னியா தற்காலிகமாகக் கூடும். ஓபியாய்டு வகை வலி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் அந்த நேரத்தில் ஆபத்தானவை. ஆப்னியா இருப்பதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சி-பேப் போடுகிறவர், எந்த நாளிலிருந்து திரும்பப் போடலாம், அதுவரை எப்படிப் படுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வர வேண்டும். மூக்கு ஆறி வீக்கம் வடிய வாரக்கணக்கில் ஆகும். ஏறக்குறைய 3 மாதங்கள் கழித்து, எவ்வளவு தெளிவாக உணர்ந்தாலும், தூக்கப் பரிசோதனையை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். கருவி போடுகிறவருக்கு அழுத்தத்தையும் அப்போது புதிதாக அளந்து அமைக்க வேண்டும்; பழைய அழுத்தத்திலேயே விட்டுவிட்டால் திறந்த மூக்கின் ஆதாயம் அவருக்கு முழுதாகக் கிடைக்காது.